அக்லாயாவின் குரல்

என் ஆய்வேட்டின் ஒவ்வொரு வரிக்கும் சான்று தந்திருக்கிறேன். இதற்கு மட்டும் என்னிடம் சான்று கிடையாது. ஆயினும் இது நடந்தது.

நடிகை அக்லாயா தோர்ஷினா நடித்தவை ஐந்து படங்கள். எங்கள் நாட்டில் படப்பிடிப்பு முடிந்த பின்னரே குரலைப் பதிவு செய்வார்கள். ஐந்திலும் வேறொரு நடிகையைப் பேச வைத்துவிட்டார்கள். "முகம் உண்டு, குரல் இல்லை" என்று விமர்சகர்கள் தீர்ப்பெழுதினார்கள். அதை மறுப்பதே என் ஆய்வு. அவர் இறந்து இருபது ஆண்டுகள். அவருடைய சொந்தக் குரலில் ஒரு சொல்கூட எங்கும் அகப்படவில்லை. கடைசிப் படத்தின் தொகுப்பில் வெட்டப்படாத படச்சுருள் ஒன்று லெனின்கிராட் திரைப்பட நிலையத்தில் இருந்தது. அதைப் பார்க்க அனுமதி கேட்டே ஒரு குளிர்காலம் கழிந்தது.

"கையெழுத்தெல்லாம் சேந்துடுச்சா கிளேப்? இதுக்குள்ள நீங்களே ஒரு படம் எடுத்து முடிச்சிருக்கலாம்," என்றார் படம் ஓட்டும் நோன்னா பாவ்லொவ்னா.

"ஒலி இருக்குமா, நோன்னா பாவ்லொவ்னா?"

"பெட்டியில ஒண்ணும் எழுதல. ஓட்டினாத்தான் தெரியும்."

கூடத்தில் நான் மட்டும். விளக்கு அணைந்தது. திரையில், ரயில் நிலையத்தில் அக்லாயா. உதடுகள் அசைந்தன. ஒலி இல்லை. இதற்காகவா இத்தனை அலைச்சல்?

அப்போது கேட்டது... தாழ்ந்த, சற்றே கரகரத்த பெண்குரல்.

"டிக்கெட்டைக் கிழிச்சுட்டேன். நான் போகல."

உதட்டசைவுக்குச் சற்றுப் பிந்தியிருந்தது.

"சே. இன்னொரு தடவை."

திரையில் அதே காட்சி, மறுமுறை எடுத்தது. அதே வரி. மீண்டும் பிந்தியது.

"இன்னொரு தடவை."

அழுகை இல்லை. ஆத்திரம்.

ஒலிபெருக்கி திரையருகே இருந்தது. குரல் அங்கிருந்து வரவில்லை.

மிக அருகில்...

"நான் போகல."

பொருந்தியது.

டப். சுருள் முடிந்தது. என் தொண்டை எரிந்தது.

எப்போது இறங்கி வந்தாரோ, நோன்னா பாவ்லொவ்னா வாசலில் நின்றார்.

"கேட்டீங்களா? ஒலி இருக்கு," என்றேன்.

"ஊமைச் சுருள், கிளேப். ஒலித்தடமே கிடையாது."

"அப்போ அந்தக் குரல்?"

அவர் அருகில் வரவில்லை.

"அக்லாயாகூட அஞ்சு படம் வேலை செஞ்சிருக்கேன். அது அவ குரல்தான்... உங்க வாயிலேருந்து வந்துச்சு."