‘ங்க’ போடாத ஆட்டம்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. அவர் மலையில் நெல்லிவாசல் பக்கம் ஷேர் ஜீப் ஓட்டினார். வந்தால் சாப்பிடுவார். பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் உட்கார்ந்து செல்போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார். பாறையிலும் எங்கள் பின்வாசலிலும்தான் டவர் கிடைக்கும். ஒருநாள் டீ கொண்டுபோனபோது, “ஜோடிக்கு ஆள் வரல, நீ சும்மா கூட நில்லு” என்று என் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தார்.

சும்மா நிற்க எனக்கு வரவில்லை. இந்தப் பக்கம் இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் இரண்டு பேரும் ஒரு பழைய கிடங்குக்குள் மோதுகிற ஆட்டம் அது. மற்ற ஜோடிகள் ஒளிந்து ஒளிந்து நேரம் கடத்துவார்கள். நாங்கள் அப்படி இல்லை. நான் கிடங்கின் முன்வாசலில் சுட்டு எதிராளிகளை என் பக்கம் திருப்புவேன், அவர் பின்ஜன்னல் வழியாக வந்து முடிப்பார். காலடிச் சத்தம் கேட்டு எதிராளி எந்தப் பக்கம் வருகிறான் என்று சொல்வது என் வேலை. டீ ஆறுவதற்குள் ஜெயித்துவிடுவோம்.

ஆட்டத்தில் ‘ங்க’ போட நேரம் இருக்காது. வீட்டில் ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிடுகிற நான், பாறையில் ‘வா, வா, படு’ என்று கத்துவேன். அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சொன்ன மாத்திரத்தில் ஆட்டத்துக்குள் தரையோடு படுப்பார். ஜெயித்ததும் என் முதுகில் தட்டிச் சிரிப்பார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரோடு ஜீப் ஓட்டுகிற இரண்டு பேர் வந்தார்கள். அவர் ஆடுவதைப் பார்க்கப் பாறையில் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். வெளி ஆட்கள் இருந்ததால் நான் பின்வாசலுக்கு உள்பக்கம் மறைவாக நின்றபடி ஆடினேன். பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன்.

“பின்னாடி வர்றான், படு! படுன்றேன்ல!”

ஆட்டத்தில் ஒருவர் பேசினால் ஜோடியின் போனில் கேட்கும்; அவர் போனிலிருந்து என் குரல் வந்தது. வந்தவர்களில் ஒருவர் சிரித்தார். “இன்னா மாப்ளே, உன் ஜோடி செங்கத்துப் பையன்னு சொன்ன? இது வூட்டுக்காரம்மா குரலாச்சே! வூட்ல உன்னை இப்டித்தான் வா, போ, படுன்னு வேலை வாங்குறாங்களா?”

என்னைச் செங்கத்துப் பையன் என்று சொல்லிவைத்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆட்டத்தை நாங்கள் ஜெயித்தோம். யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் போன பிறகு உள்ளே வந்தார். “ஆளுங்க முன்னாடி மானத்தை வாங்கிட்ட. புருசன்னு ஒரு மரியாதை இல்ல?”

“ஆட்டத்துல எப்பவும் அப்டித்தானே பேசுவேன்?”

“இனிமே பேசாத.”

அதற்குப் பிறகு, சிரித்த அந்த ஆளையே ஜோடியாகச் சேர்த்துக்கொண்டார். கீழே செங்கத்தில் ஒரு போன் கடைக்காரர் இந்த ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார். அங்கேயும் அந்த ஆளோடுதான் போனார். முதல் சுற்றிலேயே தோற்று வந்தார்கள். மறுநாள் சாயங்காலம் என்னைப் பாறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு ஆட்டம் வா. ஆனா மரியாதையா பேசு.”

போனேன். ரோஷம் இருந்தது, ஆனால் ஆசை அதைவிட அதிகமாக இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. “பாருங்க, பின்னாடி வர்றான், படுங்…” முடிப்பதற்குள் அவரைச் சுட்டுவிட்டார்கள்.

“சொல்றதுக்கு இவ்ளோ நேரமா? வேணும்னே பண்ற நீ.”

“நீங்கதான மரியாதையா பேசச் சொன்னீங்க?”

அவர் என் கையிலிருந்த போனை வாங்கி, விளையாட்டை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி ஏற்றிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். சாயங்காலமானால் கை பரபரத்தது. அதைவிட, நான் சொன்னால் உடனே கேட்கிற ஒரு மனுஷர் என் வீட்டில் கொஞ்சகாலம் இருந்தாரே என்ற நினைப்புதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

போன மாதம் எங்கள் நிலத்தில் சாமை விதைக்கிற பேச்சு வந்தது. இன்னொரு மழை பார்த்துவிட்டு விதைக்கலாமே என்றேன்.

“உனக்கு இன்னா தெரியும்?” என்றார்.

மறுநாளே விதைத்தார். மழை வரவில்லை. பாதிக்கு மேல் முளைக்கவேயில்லை.