சூசைமேரியின் சிவப்பு ஆமணக்கு

சூசைமேரிக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது. உலையில் அரிசி போட்ட கையோடு மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ரகம். எலத்தகிரிப் பக்கம் பிறந்து, மத்தூரை ஒட்டிய ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். இப்போது போச்சம்பள்ளியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. கம்பெனி பஸ் அவள் வீட்டு வாசலில்தான் நிற்கும். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். மதிய ஷிப்ட் என்றால் வெயில் மண்டையைப் பிளந்துவிடும்.

நிழலுக்கென்று கணவன் ஜெபராஜ் ஒரு மாங்கன்று கொண்டுவந்தான்.

"இது நெழலு குடுக்க நாலு வருசம் ஆவும். அதுவரைக்கும் நாங்க கருகிக்கினு நிக்கணுமா?" என்றாள் சூசைமேரி.

கம்பெனித் தோட்டத்தில் அவள் ஒரு செடியின் மேல் கண் வைத்திருந்தாள். ரத்தச் சிவப்பில் தண்டு, முறம் அகலத்துக்கு இலை. தோட்டக்காரரிடம் கேட்டு முள்ளுக்காய் கொஞ்சம் வாங்கி வந்து உடைத்தாள். உள்ளே புள்ளி போட்ட கொட்டைகள்.

ஜெபராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆமணக்குடி இது! கடலைக்காட்டு ஓரத்துல போடறத எவளாச்சும் அழகுக்குன்னு வாசல்ல வெப்பாளா?"

"காட்டுல இருக்கறது பச்ச. இது செவப்பு. வெச்சுத்தான் பாக்கறனே."

கோடை மழை பெய்ததும் கொட்டைகளை ஊறப்போட்டு, வேலி ஓரம் எரு கலந்த குழிகளில் ஊன்றினாள். முளைத்துவிட்டதா என்று நோண்டிப் பார்த்தே ஒன்றைக் கெடுத்தாள். மற்றவை தப்பின. தப்பியவை வளர்ந்த வேகம் அவளுக்கே பிடித்துப்போனது. ஆடி பிறப்பதற்குள் வேலியைத் தாண்டின. ஆவணியில் கூரையை எட்டிப் பார்த்தன. பெண்கள் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம்தான் வினை வந்தது. ஒருநாள் எல்லாரும் இலைகளுக்குப் பின்னால் சுகமாக நின்று கதை பேசிக்கொண்டிருக்க, பஸ் நிற்காமல் போய்விட்டது. கத்திக்கொண்டே ஓடியும் பயனில்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போய்ச் சேர்ந்தபோது பஸ் டிரைவர் திருமலை கம்பெனி கேட்டிலேயே நின்றிருந்தார்.

"ஏம்மா, ஒருத்தரும் வரலியா இன்னிக்கின்னு நெனச்சேன்! அங்க காடு மாதிரில்ல நிக்குது!"

சூப்பர்வைசரிடம் எல்லாருக்கும் திட்டு விழுந்தது. சூசைமேரி கூனிக் குறுகிப்போனாள். அன்று மாலையே அரிவாளைத் தூக்கினாள். தடுத்தவள் பக்கத்து வீட்டு மேகலா.

"வெட்டிப்புட்டு மறுபடியும் வெயில்ல நிக்கச் சொல்றியாக்கா? கீழ இருக்கற எலைய மட்டும் கழிச்சி உடு. மேல நெழலு, கீழ நாம தெரிவோம்."

இருவருமாகக் கீழ்க்கிளைகளைக் கழித்தார்கள். தண்டுகள் சிவப்புத் தூண்களாக நிற்க, மேலே இலைகள் பந்தல் போட்டன. மறுநாள் திருமலை பஸ்ஸை நிறுத்தி, தலையை நீட்டிச் சிரித்தார். "இப்ப தூரத்துலயே தெரியுது. ஒங்க ஸ்டாப்ப இனிமே உட மாட்டேன்!"

அடுத்தடுத்த ஸ்டாப் பெண்களும் கொட்டை கேட்கத் தொடங்கினார்கள். "வெசம்டி, புள்ளைங்க வாயில வெச்சிடப் போவுது" என்று மிரட்டிவிட்டுத்தான் சூசைமேரி கொடுப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜெபராஜ் நாற்காலியை அந்த நிழலில்தான் போடுகிறான். கேட்டால், காத்து அங்கேதான் நல்லா வருகிறது என்கிறான்.