முன்சீட்டில் ஜிம்மி

எனக்குத் தலைவலி என்றால், "மாத்திரை போட்டுட்டுப் படு லா" என்பார் கணவர். எங்கள் நாய் ஜிம்மி தன் காலை நக்கி நக்கிப் புண்ணாக்கியதும், லீவு போட்டு எங்கள் ஊர் பீடோரிலிருந்து ஈப்போ டவுன் மிருக கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். முன்சீட்டில் ஜிம்மி, பின்சீட்டில் நான். எனக்கு வயிறு எரிந்தது.

டாக்டர் அதன் முடியை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று மறுபடி போனோம்.

"பல மாசமா ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடுதலா இருக்கு. வீட்டு ஆளுங்க மனசு சரியில்லன்னாலும் நாய்க்கு இப்படி ஆகலாம். யாரோட அதிகமா இருக்கும்?"

"இவளோடதான்," என்றார் கணவர்.

காரில் ஏறியவர் சாவியைத் திருகவில்லை. பின்னால் திரும்பி என்னைப் பார்த்தார்.

"உனக்கு என்னா செய்யுது?"

வருடக்கணக்கில் நான் ஏங்கிய கேள்வி. அழுகை வந்தது, பொறாமை மட்டும் போகவில்லை. இதைக்கூட ஜிம்மிதான் எனக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.