பிலோமினா அக்காவின் காரை இழுத்தவர்களுக்கு

செய்தி வந்தபோது நான் அல்சூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த பையில், அக்காவின் காருக்காக நாலு கடை ஏறி இறங்கித் தேடிப் பிடித்த ஒரு இன்ஜின் கேஸ்கட்டும் ஒரு பெட்டி சாக்பீஸும் இருந்தன. அக்காவின் ஒரே மகள் ஷீலா எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து பேசினாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க. காலைல பூசைக்குப் போயிட்டு வந்து சேர்ல உக்காந்தாங்களாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி காபி எடுத்துட்டு வந்து பாத்திருக்காங்க." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். முந்தின நாள் சாயங்காலம்கூட "நாளைக்கு வரும்போது சாக்பீஸ் வாங்கிட்டு வா" என்று சொன்ன மனுஷி, இப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போகலாம் என்று வாய்விட்டே திட்டினேன். பக்கத்தில் நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள்.

அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் இப்போது அது அக்கா மேல் இல்லை. முப்பதாம் நாள் பூசைக்கு, அக்காவின் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களுமான நீங்கள் அச்சடிக்கும் நினைவு மலரில், கூட வேலை பார்த்தவன் என்ற முறையில் என்னையும் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்க வந்தவர், "நல்ல வார்த்தையா நாலு எழுதுங்க சார்" என்றார். அக்காவுக்கு என்னிடம் நல்ல வார்த்தை நிறைய இருக்கிறது. உங்களுக்கு இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன். அச்சடிப்பதும் அடிக்காததும் உங்கள் இஷ்டம்.

நானும் அக்காவும் ஒரே தொழிற்சாலையில், ஒரே இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில், இருபத்தாறு வருடம் அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்தவர்கள். லேத்தில் கடைந்து வரும் உருப்படியின் துளைக்குள் கேஜ் என்ற உருளை இரும்பை விட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. இறங்கினால் பாஸ், இறங்காவிட்டால் ரிஜெக்ட். ஒரு மாதக் கடைசியில் வாசலில் லாரி நிற்கிறது, என் மேஜையில் உருப்படிகள் குவிந்து கிடக்கின்றன, ஃபோர்மேன் தலைக்கு மேல் வந்து நிற்கிறார். நான் கேஜை வைத்துக் கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினேன். இறங்கியது. அக்கா எழுந்து வந்து அதை என் கையில் இருந்து பிடுங்கினார். "தானா எறங்கணும் முருகேசா. நீ அழுத்தி எறக்கினா அது அளவு இல்ல, உன் கை பலம்." பிறகு ஃபோர்மேனைப் பார்த்து, "லாரிய நாளைக்கு வரச் சொல்லுங்க சார்" என்றார். அத்தனை உருப்படியும் திரும்பிப் போனது. ஃபோர்மேன் ஆறு மாதம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். அது ஒரு வெள்ளை பத்மினி. அக்காவின் கணவர் அந்தோணி சார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அவர் நல்ல மனிதர் என்று மலரில் வேறு யாராவது எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது, கார் சாவியை அவர் சட்டைப் பையில் இருந்து வெளியே வைத்ததே இல்லை என்பதுதான். "பொம்பள கை பட்டா க்ளட்ச் போயிடும்" என்று எங்கள் எதிரிலேயே சொல்லிச் சிரிப்பார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கிற கை அது. அந்தக் கையோடு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் பின் சீட்டில் உட்கார்ந்து வருவார். அந்தோணி சார் இறந்த பிறகு விவேக் நகர் வீட்டு வாசலில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் பதின்மூன்று வருடம் அந்தக் கார் கிடந்தது. ஏர் கிளீனருக்குள் எலி குட்டி போட்டது. பார்க்கிங்குக்கு இடம் இல்லை என்று தெருவே முணுமுணுத்தது. அந்தோணி சாரின் தம்பி சேவியர் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு வந்து, "பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுங்க அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போவார். சேவியர் சார், மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன்.

அக்கா யாரிடமும் சொல்லாமல் அறுபத்திரண்டு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். சொல்லிக்கொடுத்தவர் கன்னடக்காரர். "நிதானா மேடம், நிதானா" என்று ஓயாமல் சொன்னாராம். "எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான் சார்" என்று அக்கா கன்னடத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் வந்த அன்று எனக்குப் போன் செய்தார். ஐந்து வருடம் கழித்து, தெருவில் பேச்சு தாங்காமல், ஒரு மெக்கானிக்கை வைத்து இறுகிப்போன சக்கரங்களை மட்டும் விடுவித்து, காரை வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்குள் உருட்டினார். மறுநாள் மறுபடியும் போன். "வா. இன்ஜின் செத்துப்போச்சான்னு பாக்கலாம்."

எதற்கு அக்கா இந்த வயதில் இது என்று கேட்டேன். "ஷீலா வீட்டுக்குப் போகணும்னா அவ கேப் புக் பண்ணி அனுப்பறா. எந்த டைம்ல கெளம்பணும், எந்தப் பக்கம் ஏறணும், எல்லாம் அவ சொல்றா. நல்ல பொண்ணுதான். ஆனா எனக்கு ஒரு தரம் சொல்லாம போகணும்பா. நானே ஓட்டிட்டுப் போய் அவ அபார்ட்மென்ட் கீழ நின்னு ஹாரன் அடிக்கணும். யாருடா அதுன்னு அவ பால்கனில வந்து எட்டிப் பாக்கணும். அவ்ளோதான்." இதுதான் பிலோமினா அக்காவின் ஆசை. வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். அவருடைய ஆசை என்ன என்று உங்களில் பலர் இப்போது ஆளாளுக்குப் பேசுவதால் எழுதுகிறேன்.

இன்ஜின் இறுகிப் போயிருந்தது. உள்ளே துரு. அக்கா நாலு ஸ்பார்க் ப்ளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றையும் காகிதத்தில் சுற்றி, ஒன்று இரண்டு என்று எண் எழுதி, ஒரு பழைய டிபன் டப்பாவில் போட்டு ஜன்னலில் வைத்தார். ப்ளக் இருந்த துளைகளுக்குள் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். பிறகு தினமும் காலையில் பூசை முடிந்து வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, இன்ஜின் முன்னால் அதோடு சேர்ந்து சுற்றும் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு ஒரே ஒரு தரம் மெல்ல அசைத்துப் பார்ப்பார். புல்லி நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. முதல் ஒன்பது நாள் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. பத்தாம் நாள் ஒரு நூல் நகர்ந்தது. அன்று எனக்கு மட்டன் பிரியாணி போட்டார்.

எனக்குப் பொறுமை கிடையாது என்பது ஊருக்கே தெரியும். "உனக்கு ரேடியேட்டர்ல எப்பவும் தண்ணி கம்மி" என்று அக்கா கிண்டல் செய்வார். இருபதாம் நாளில் இருந்து நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். "அக்கா, ப்ளக்க மாட்டி ஒரு தள்ளு தள்ளிப் பாக்கலாம். புடிச்சாலும் புடிச்சுக்கும்." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ள எண்ணெ நிக்குது. ப்ளக்க மாட்டிட்டா அது எங்க போகும்? காத்து மாதிரி எண்ணெ நசுங்காதுப்பா. இன்ஜின்தான் ஒடையும். அவசரம் உன்னோடது, இன்ஜினோடது இல்ல. ஸ்வல்ப தாளு." கொஞ்சம் பொறு என்று கன்னடத்தில் அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு இல்லை என்று அர்த்தம். நாற்பதாம் நாள் சாயங்காலம் புல்லி முழுச் சுற்றுக்கு நாலு விரல்கடை பாக்கி. சாக்பீஸ் தீர்ந்துபோயிருந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் அவர் இல்லை. அடக்கத்துக்கு முன்னால் ஷீலா காரின் சாவியை என் கையில் வைத்து, "கார் விஷயம் உங்களுக்குத்தான் தெரியும், நீங்க பாத்துக்கோங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெட்டி வாசலில் இருந்தது. அப்போதுதான் உங்களுக்கு அந்த யோசனை வந்தது. "அண்ணியோட கடைசி ஆச இந்தக் கார்தான்பா. ஊர்வலத்துக்கு முன்னால கார் போகணும். அதான் மரியாத." சேவியர் சார்தான் சொன்னார். இரும்புக்கடைக்குப் போடச் சொன்ன அதே சேவியர் சார். பத்துப் பேர் தலையாட்டினீர்கள். எங்கிருந்தோ ஒரு பேட்டரி வந்தது. ஜன்னலில் இருந்த டப்பா இறங்கியது, காகிதங்கள் கிழிந்தன, எந்த ப்ளக் எந்தத் துளை என்றுகூடப் பார்க்காமல் மாட்டினீர்கள். காரைத் தெருவுக்குத் தள்ளி வந்து, சாமான் ஏற்றும் டெம்போவின் பின்னால் கயிறு கட்டினீர்கள். சேவியர் சார் ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்தார். அக்கா ஒரு நாளும் உட்கார்ந்து ஓட்டாத இடம் அது. கண்ணாடியில் மாலை. டெம்போ இழுத்தது, சக்கரம் உருண்டதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும் என்று அவர் க்ளட்ச்சை விட்டார். உள்ளே இருந்து ஒரே ஒரு 'டக்'. பின் சக்கரங்கள் அப்படியே நின்று தேய்ந்து, தெருவில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்தது.

அந்தச் சத்தம் என்ன என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நியூட்ரலில் போட்டு, கயிற்றிலேயே கோவில் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனீர்கள். யாரோ வீடியோ எடுத்தார். கயிறு தெரியாத பக்கமாக நின்று எடுத்ததால் அதில் கார் ஓடுவது போலவே இருக்கிறது. குரூப்பில் போட்டு, 'அக்காவின் கடைசி ஆசை நிறைவேறியது' என்று கீழே எழுதி, எழுபது பேர் கும்பிடு போட்டீர்கள். என்னய்யா நிறைவேறியது? நாற்பது நாள் அந்த அம்மா ஒரு நூல், ஒரு நூலாக உயிர் கொண்டுவந்ததை நீங்கள் கால் நிமிடத்தில் உடைத்தீர்கள். அவர் உயிரோடு இருந்தபோது சாவியைத் தராதவர்கள் ஒரு கூட்டம். செத்த பிறகு சாவியைப் பிடுங்கியவர்கள் ஒரு கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் வாயில் ஒரே வார்த்தை, மரியாதை.

பிடுங்கினார்கள் என்று எழுதிவிட்டேன். அது பொய். யாரும் பிடுங்கவில்லை. சேவியர் சார் கை நீட்டினார், நான் கொடுத்தேன். ப்ளக் எங்கே என்று ஒருவர் கேட்டார், ஜன்னலைக் காட்டியதும் நான்தான். உள்ளே எண்ணெய் நிற்கிறது என்று அந்தக் கூட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தெருவே அதிரக் கத்துகிற வாய், அன்று திறக்கவில்லை. துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அது இல்லை. புடிச்சாலும் புடிச்சுக்கும் என்று எனக்கும் உள்ளே ஓர் ஆசை இருந்தது. அக்கா இல்லை, இனிமேல் யார் தடுப்பார்கள் என்று என் அவசரம் அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. உங்கள் பத்துப் பேர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எல்லாம் கூட்டினாலும், பதினொன்றாவது ஆள் மேல் இருக்கும் கோபத்துக்கு ஈடாகாது.

மறு வாரம் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்து, பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. மற்ற மூன்றும் துரு விட்டு வழவழவென்று இருந்தன. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அந்த மூன்றாவதும் தானாக இறங்கியிருக்கும். ராடைக் கையில் எடுத்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ் ஏறினேன். ஷீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அம்மாவுக்கு என்ன ஆசை இருந்தது என்பதையும் அன்றுதான் சொன்னேன். அவள் எழுந்து போய்ப் பால்கனியில் இருந்து கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத சரி பண்ண முடியுமா அங்கிள்?"

"முடியும்மா. வேற ராடு கெடைக்கும், ரிங் கெடைக்கும். நாளாகும்."

"எத்தன நாள் ஆனாலும் பரவால்ல. அம்மா பண்ண மாதிரியே பண்ணுங்க." பிறகு கையை நீட்டினாள். "சாவி மட்டும் என்கிட்ட இருக்கட்டும். வண்டி ரெடியாச்சுன்னா சொல்லுங்க, நான் டிரைவிங் கத்துக்கிட்டு வரேன். அதுவரைக்கும் உங்ககிட்ட வேணாம்."

கொடுத்தேன். இந்த முறை கொடுத்தது சரியான கையில்.

இப்போது தினமும் காலையில் விவேக் நகருக்குப் போகிறேன். சந்தில் அக்காவின் ஸ்டூலில் உட்காருகிறேன். முப்பதாம் நாள் அன்று பூசை முடிந்து நீங்கள் எல்லோரும் வீட்டுக்கு வருவீர்கள். வாருங்கள், காரைப் பாருங்கள். யாராவது ஒருவர் பானெட்டில் கை வைத்தாலும் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. எப்போது ஓடும் என்று கேட்டால், ஸ்வல்ப தாளு என்றுதான் சொல்வேன்.

அக்காவிடம் இருந்து என்னிடம் மீந்திருப்பது ஒரு ஸ்பேனர், எண் எழுதிய காகிதம் கிழிந்துபோன நாலு ப்ளக், அவற்றைப் போட்டு வைத்த டிபன் டப்பா, அவர் வாங்கி வரச் சொன்ன, அவர் கை படாத ஒரு பெட்டி சாக்பீஸ். சாவி என்னிடம் இல்லை.