அடுப்புத் திருகில் வைத்த பொட்டு

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுப்படி ஜன்னலில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் குப்பி இருக்கிறது. நகத்துக்கு வாங்கியதல்ல. கண் மங்கிய பிறகு காஸ் அடுப்பில் சிம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பாலைப் பொங்கவிட்டுக்கொண்டே இருந்தேன். அதனால் திருகின் தலையில் ஒரு பொட்டு, பக்கத்துத் தகட்டில் ஒரு பொட்டு வைத்தேன். இரண்டும் நேருக்கு நேர் வந்தால் சிம். மருமகள் பார்த்துச் சிரித்தாள். சில நாளில் குப்பியைக் காணோம். எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன் என்று வேறு குப்பி வாங்கிக்கொண்டேன்.

மருமகள் அப்போதுதான் கே.கே. நகரில் வண்டிகளுக்கு ஸ்பீக்கர் மாட்டும் கடை திறந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோவேன். ஆள் இருந்தால் உள்ளே போகக் கூச்சம்; பின்கதவோரம் நின்று அவள் வேலையைப் பார்ப்பேன். ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு சின்னத் திருகு உண்டு. அதை அடியோடு குறைத்துவிட்டு, பாட்டுப்பெட்டியின் சத்தத்தை முக்கால்வாசி வைப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் திருகைத் துளித் துளியாக ஏற்றுவாள். பாட்டில் பிசிறு தட்டியதும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நிறுத்துவாள். "இது சத்தம் கூட்டற திருகு இல்ல அத்தை. பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒத்துப்போக வைக்கிறது. இதுக்கு மேல ஏத்தினா ஸ்பீக்கர் கருகிடும்" என்பாள். வண்டிக்காரர்கள் அதை நம்பினால்தானே.

லால்குடியிலிருந்து ஒரு வேன்காரர் வருவார். ஸ்டாண்டில் அவர் சொல்லைக் கேட்டுத்தான் மற்ற வேன்களும் வந்தன. ஒருநாள் கருகிய ஸ்பீக்கரோடு வந்து நின்றார். "கரண்டி பிடிக்கிற கையில ஸ்க்ரூடிரைவரைக் குடுத்தா இப்படித்தான். ஸ்டாண்டுல எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றார். சொல்லிவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். நான் தூக்குச்சட்டியோடு கதவோரம் நின்றிருந்தேன்.

மருமகள் குரலை உயர்த்தவில்லை. வேன் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தாள்.

"ஸ்பீக்கர் இருக்கட்டும், ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கண்ணே. நான் வச்சுவிட்டப்ப இந்த ரெண்டு பொட்டும் நேருக்கு நேர் இருந்துச்சு. இப்ப எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "சமயபுரம் போற கூட்டம் சத்தம் பத்தலைன்னுச்சு. லேசாத்தாம்மா திருகினேன்."

"லேசாவா? லால்குடில நின்ன பொட்டு சமயபுரத்துக்கே போயிருச்சேண்ணே."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "யாரு சொல்லிக்குடுத்த வேலை இது?"

"கரண்டி பிடிக்கிற கைதான். எங்க அத்தை. அங்க நிக்கறாங்க பாருங்க."

நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். காணாமல் போன குப்பி எங்கே என்று அப்போதுதான் தெரிந்தது. புது ஸ்பீக்கர் மாட்டி முடிக்கிறவரை அவர் இருந்து, பொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். அடுத்த வாரம் ஸ்டாண்டிலிருந்து மூன்று வேன்களை அவரே அனுப்பினார்.

இப்போது கடையில் இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். பொட்டு வைக்காமல் ஒரு வண்டியும் வெளியே போவதில்லை. இன்று காலை என் அடுப்புப் பொட்டு அழிந்திருந்ததால் புதிதாக வைத்தேன். கை நடுங்கி, கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. பாட்டுப்பெட்டியின் சத்தத்தை வைப்பது முக்கால்வாசிதானா என்று யாராவது மருமகளிடம் கேட்டுத் திருத்திவிடுங்கள். பொட்டு விஷயத்தில் எனக்கு மறதி இல்லை. அதைத் திருத்த வேண்டாம்.