அண்ணன் பெட்டி தூக்காத சிவராத்திரி

குலசாமியை மனதில் நிறுத்தி, எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுக்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவள். பிழை இருந்தால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் மதுரைக்கு மேற்கே எங்கள் ஊரில் பிறந்தார். கண்மாய் வறண்ட காலத்தில் ஐயா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆனையூருக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில் ஐயா தவறிவிட, அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுச் சித்தாள் வேலைக்குப் போனார். பிறகு கொத்தனார் ஆனார். என்னை விளாங்குடியில் கட்டிக்கொடுத்தார். அந்தப் பக்கம் அவர் எழுப்பிய சுவர்கள் நிற்கின்றன. டவுன் பஸ்ஸில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சிவராத்திரிக்குச் சாமி பெட்டியைத் தலையில் சுமந்து கோயிலுக்கு நடப்பது எங்கள் பங்காளிகளின் வழக்கம். தூக்குகிறவர் மதுவைத் தொடக்கூடாது. அந்தப் பொறுப்பு அண்ணனுடையது. சம்பள நாளில் கூட வேலை பார்ப்பவர்கள் கடைக்குள் போனால், இவர் வெளியே கோலி சோடாவோடு நிற்பார்.

"ஒரு நாளைக்கு உள்ள வாங்கண்ணே, சாமி கண்ண மூடிக்கிரும்."

"சாமி மூடும்டா. உங்க மதினி மூட மாட்டா."

வலது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்றார். கல் தூக்கியதில் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு வழித்துவிட்டோம். குடிக்காத மனிதருக்கு ஈரலில் என்ன வரும் என்று இருந்துவிட்டோம். சோறு இறங்காமல், இடுப்பில் வேட்டி நிற்காத அளவு மெலிந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். ஈரலில் பெரிய கட்டி.

செய்தி ஊருக்குப் போனது. பெட்டி யாருக்கு என்று முடிவு சொல்லும் சித்தப்பா வந்து வாசலிலேயே நின்றார். "கொத்தனாரு சாயங்காலம் எங்க போவாருன்னு தெரியாதாக்கும்? குடிக்காமயா ஈரல் கெடும்?"

மதினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "இந்த மனுசன் வாயில வாடை அடிச்சு நான் ஒரு நா பாத்ததில்ல மாமா!"

அந்தச் சிவராத்திரிக்குப் பெட்டி வேறு தலைக்கு மாறியது. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "குடிச்சிருந்தாலாச்சும் வலி தெரியாம இருந்திருக்கும் ஆத்தா" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார்.

கட்டியில் ஊசி விட்டுச் சதை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். குத்தினால் பரவிவிடும் என்று சொந்தங்கள் தடுத்தார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ரத்தத்துல ஒண்ணும் காட்டல. சுருங்கிக் கெட்டுப்போன ஈரல்னா படத்த வச்சே கேன்சரான்னு பெரும்பாலும் சொல்லிரலாம். இது அப்படித் தெரியல. நல்ல ஈரல்ல உள்ள கட்டி எதுவாவும் இருக்கலாம், சாதாரணக் கட்டியாவும் இருக்கலாம். சதையப் பாத்தாத்தான் தெரியும்."

"எடுங்க சார்" என்றார் அண்ணன். "கட்டியையும் பாருங்க, ஈரலையும் பாருங்க."

முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். "கட்டி கேன்சர்தான்யா. ஆனா சுத்தி உள்ள ஈரல் சுத்தமா இருக்கு. குடிச்சுக் கெட்ட அடையாளமே இல்ல. இப்படியும் சிலருக்கு வரும்."

"அந்த ரெண்டாவது சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க சார். தங்கச்சி கேக்கட்டும்."

டாக்டர் திரும்பச் சொன்னார். பிறகு, "முன்னாடியே வந்திருந்தா அறுத்து எடுத்திருக்கலாம். நல்ல ஈரல், தாங்கியிருக்கும். இப்ப நுரையீரலுக்குப் போயிருச்சு" என்றார். குடிக்காததால் தாங்கியிருக்கும். குடிக்காததால்தான் யாரும் பார்க்கவில்லை. சாமி, இதை நான் எங்கே போய்ச் சொல்லி அழுவேன்?

கேள்விப்பட்டுச் சித்தப்பா வந்தார். இந்த முறை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "அடுத்த வருசம் நீதான்டா தூக்கணும்."

"வாரேன் சித்தப்பா" என்றார் அண்ணன். பங்குனி முடிவதற்குள் போய்விட்டார்.

மறைக்காமல் சொன்ன டாக்டருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பாடை தூக்கிய கொத்தனார்மார்களுக்கும் எங்கள் குடும்பம் கும்பிட்டு நன்றி சொல்கிறது. இதை வாசிக்கும் சொந்தங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்தால், ஈரலில் நோய் வந்து செத்தார் என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல ஈரலில் வந்தது என்று சொல்லுங்கள்.