ஆதாரம் அண்ணன் வெட்டி எறிந்த பாதி

ஆதாரம் அண்ணனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. அதையும் அவர் மாதாமாதம் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்வார், யாராவது மாற்றியிருந்தால் என்ன செய்வது?

வேலை, பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில். நான்கு சலவை இயந்திரங்கள், இரண்டு உலர்த்திகள், அறையின் நீளத்துக்கு ஒரு இஸ்திரி உருளை, எப்போதும் முகத்தில் அடிக்கும் ஆவி. வாசல் பக்கம் மர ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அழுக்காக உள்ளே போகும் விரிப்புகளையும் வெளுத்து வெளியே வரும் விரிப்புகளையும் எண்ணுவது அண்ணனின் பொறுப்பு. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு விரிப்புகூடத் தொலைந்ததில்லை. இதனால் அவர் நிம்மதி அடைந்தாரா என்றால், இல்லை. "ஒண்ணுகூடத் தொலையலைன்னா ஏதோ பெருசா நடக்குதுன்னு அர்த்தம்" என்பார்.

மகள் படிப்பு முடிந்ததும் அவளுடைய பழைய டேப்லட் அவர் கைக்கு வந்தது. ஒரு மூலையில் விரிசல். பக்கவாட்டில் இருக்கும் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் திரையில் உள்ளது அப்படியே படமாகிவிடும் என்று அவள் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்களே, இங்கே குரங்கு கையில் பூமாலையே கிடைத்தது. ஆறு வருடத்தில் பதினோராயிரம் ஸ்க்ரீன்ஷாட்கள்.

அவற்றை மூன்று தொகுப்புகளில் வைத்திருந்தார்: 'சந்தேகம்', 'பலத்த சந்தேகம்', 'நிரூபணமானது'. மூன்றாவது காலி. முதல் இரண்டில் என்னதான் இல்லை? மழை வரும் என்று சொல்லி வராமல் போன நாட்களின் வானிலை அறிக்கைகள். மைத்துனி ஏதோ டைப் செய்துகொண்டே இருந்து கடைசியில் எதுவுமே அனுப்பாத பதினேழு சந்தர்ப்பங்கள். மனைவி அனுப்பிய 'ம்' மட்டும் நாற்பது. திங்கட்கிழமை 'ம்'முக்கும் வியாழக்கிழமை 'ம்'முக்கும் இருந்த சூட்டு வித்தியாசத்தைக் குறிப்பெழுதி வைத்திருந்தார்.

படம் பிடிப்பதோடு கலை முடிவதில்லை. முதலில் வெட்ட வேண்டும். தேதி, நேரம், பக்கத்தில் இருப்பவை எல்லாம் கழிவு. வழக்குக்கு வேண்டியது மட்டும் மிஞ்ச வேண்டும். பிறகு சிவப்பு மையால் வட்டம். இவ்வளவும் டேப்லட்டின் ஒளியைக் கடைசிப் புள்ளிவரை இறக்கி வைத்துக்கொண்டுதான் நடக்கும்.

"கண்ணு அவிஞ்சு போகுங்க. கொஞ்சம் வெளிச்சம் வெச்சுக்கக் கூடாதா?" என்பார் மனைவி. அவர் வீட்டு முன்னறையில் துணி தைத்துக் கொடுப்பவர்; ஊசியில் நூல் கோக்கிறவருக்கு வெளிச்சத்தின் அருமை தெரியும்.

"பின்னாடி நின்னு யாராவது பார்த்தா?"

"உங்க பின்னாடி இருக்கறது சுவர்."

"சுவருக்குக் காது இருக்கும்போது கண்ணு இருக்காதா?"

இந்தக் கலைஞரின் வாழ்வில் ஒரு பொற்காலமும் உண்டு. போன வருடம் உலர்த்திக்காரர், தான் சீக்கிரமே வந்ததற்குச் சான்றாக ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டினார். அண்ணன் அதை மூக்கில் ஒட்டுகிற தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓரம் வெட்டியிருக்கு" என்றார். மேலாளர் அசந்துபோனார். மறுநாளே அறிவிப்புப் பலகையில் விதி ஏறியது: வெட்டப்பட்ட படங்கள் சான்றாக ஏற்கப்படமாட்டா. அந்த அறிவிப்பையும் அண்ணன் படம் பிடித்தார். பிடித்து, ஓரத்தை வெட்டினார்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

இஸ்திரி உருளையில் நிற்பவர் ஒரே ஒருவர். நாற்பது வயது, எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற முகம். இந்தச் சிரிப்பு ஒன்றே அண்ணனுக்குப் போதுமான குற்றச்சாட்டு. போதாக்குறைக்கு அந்த மனிதர் சமீபமாக மேற்பார்வையாளர் மேடத்துக்கு ஒரே நாளில் இரண்டு தடவை வணக்கம் சொல்லியிருந்தார். ஒருநாள் அண்ணனிடம் வந்து, "டேப்ல எழுத்தைப் பெருசாக்கறது எப்படிண்ணே?" என்று வேறு கேட்டுவிட்டார். எண்ணிக்கை ஸ்டூலுக்கு ஆசைப்படுகிறான் என்பது இதற்குமேலா விளங்க வேண்டும்?

அன்று மாலை நான்கு மணிக்கு, சலவைக்கூடத்தின் குரூப்பில் இஸ்திரிக்காரர் எழுதினார்: 'மேடம், நாளைக்கு மதியம் மனைவிக்குக் கண் ஆபரேஷன். அரை நாள் லீவு வேணும்.' மேடம் 'சரி' போட்டார். இஸ்திரிக்காரர் 'நன்றி மேடம்' போட்டு, பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு முகமும் போட்டார்.

அந்த நேரத்தில் அண்ணனின் திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பாதியில் குரூப். வலது பாதியில் அவர் மேலாளருக்குத் தட்டிக்கொண்டிருந்த மின்னஞ்சல்: 'ஐயா, இஸ்திரிப் பகுதியில் ஆட்கள் நினைத்தால் வருகிறார்கள், நினைத்தால் போகிறார்கள். ஒருநாள் மதியம் சொல்லாமல் வந்து பாருங்கள். இப்படிக்கு, நலம் விரும்பி.' இஸ்திரிப் பகுதியில் இருப்பதே ஒரு ஆள்தான். இருந்தும் பெயரைக் குறிப்பிடாமல் விட்டது அண்ணனின் பெருந்தன்மை.

மஞ்சள் முகத்தைப் பார்த்ததும் அவர் விரல்கள் தாமாகப் பொத்தான்களுக்குப் போயின. டக். லீவு கேட்டதும் மேடத்தின் சரியும் தேதியும் எல்லாம் கழிவு என்று வெட்டி எறிந்தார். மிஞ்சியது 'நன்றி மேடம்', ஒரு மஞ்சள் முகம், அதைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். 'பலத்த சந்தேகம்' தொகுப்பில் சேர்த்தார். பிறகு, இதற்கென்றே பெயர் சொல்லாமல் தொடங்கியிருந்த ஒரு முகவரியிலிருந்து மின்னஞ்சலை அனுப்பினார்.

மேலாளர் சொன்ன பேச்சைக் கேட்கிறவர். மறுநாள் மதியமே சொல்லாமல் வந்து பார்த்தார். உருளை ஓய்ந்து கிடந்தது, ஆளில்லை. மாலைக்குள் இஸ்திரிக்காரர் பெயருக்குக் கடிதம் வந்தது: அனுமதியின்றி வேலையை விட்டுச் சென்றதற்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணை, சரியான சான்று இல்லாவிட்டால் வேலை நீக்கம்.

சான்று எங்கே இருக்கும்? குரூப்பில் போடுவதெல்லாம் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாக அழிந்துவிடும்படி மேடம் ஏற்பாடு செய்திருந்தார், குரூப் சுத்தமாக இருக்க வேண்டுமாம். சலவைக்கூடம் அல்லவா?

"ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சரி போடறேன். யாருக்கு எதுக்குப் போட்டேன்னு நான் என்னத்தைக் கண்டேன்? எழுத்துல காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றுவிட்டார் மேடம். நானும் பார்த்தேன் என்று உலர்த்திக்காரர் சாட்சி சொல்லப் போனார். வாய்ச்சொல் வேண்டாம் என்று மேலாளர் திருப்பி அனுப்பினார்.

வியாழக்கிழமை இஸ்திரிக்காரர் நேராக ஸ்டூலுக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அண்ணனுக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது.

"அண்ணே, ஈ பறந்தாலும் படம் பிடிச்சு வெப்பீங்களே. செவ்வாய்க்கிழமை குரூப் இருக்குமா?"

"நான் எதுக்கு உன்னோடதைப் பிடிக்கணும்?"

"என்னோடது மட்டுமா? எல்லாரோடதையும்தானே பிடிக்கறீங்க." அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு இன்னும் கட்டு பிரிக்கலைண்ணே. இந்த வேலை போனா நான் எங்கே போவேன்?"

"பார்க்கறேன்" என்றார் அண்ணன். வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய தொகுப்பை ஒருவர் தேடி வந்திருக்கிறார். பொறியாகவும் இருக்கலாம்.

மாலை வீட்டில் 'பலத்த சந்தேகம்' தொகுப்பைத் திறந்தார். மஞ்சள் முகம் சிவப்பு வட்டத்துக்குள்ளிருந்து அவரைப் பார்த்துச் சிரித்தது. தேதியும் இல்லை, மேடத்தின் சரியும் இல்லை.

கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, புது ஆளா?"

விஷயத்தைச் சொன்னார், மின்னஞ்சல் நீங்கலாக. "வெட்டிட்டேன்மா. போனது போனதுதான்."

"யாரு சொன்னா? இதுல வெட்டினா வெளியே மறைக்கும், அவ்வளவுதான். முழுப் படமும் உள்ளேயே இருக்கும்."

"எல்லாத்துலயுமா? ஆறு வருஷமா வெட்டினது எல்லாம்?"

"எல்லாந்தான். இங்கே பாருங்க, 'மீட்டெடு'ன்னு போட்டிருக்கு."

அவர் தடுக்கக் கை நீட்டுவதற்குள் அவள் தொட்டுவிட்டாள். படம் விரிந்தது. மேலே செவ்வாய்க்கிழமை, தேதி, நான்கு மணி ஆறு நிமிடம். இடது பாதியில் லீவு, சரி, நன்றி. மகள் கைதட்டினாள். கைதட்டல் பாதியிலேயே நின்றது.

"யாருப்பா இந்த நலம் விரும்பி?"

தையல் இயந்திரம் நின்றது. மனைவி எழுந்து வந்தார், மகள் தோளுக்குமேல் குனிந்து, ஒளியில்லாத திரையில் கண்ணைச் சுருக்கி, வலது பாதியைக் கடைசிவரை படித்தார்.

"யாரோட நலம்?" என்றார்.

அண்ணன் டேப்லட்டைக் கவிழ்க்கப் பார்த்தார்; மனைவி அதைப் பிடித்துக்கொண்டார்.

"இருபத்திரண்டு வருஷமா ஊரைச் சந்தேகப்பட்டீங்க. என்னையும் சந்தேகப்பட்டீங்க, போகுதுன்னு விட்டேன். கண்ணுல கட்டுப் போட்டுக்கிட்டு ஒருத்தி படுத்திருக்கா. நாளைக்கு நீங்க இதைக் காட்டலைன்னா அந்த மனுஷன் நடுத்தெருவுல நிப்பான். காட்டினா நீங்க நிப்பீங்க. எது நல்லதுன்னு நலம் விரும்பியே சொல்லட்டும்."

"வலது பக்கத்தை மட்டும் வெட்டிக் கொடுத்துடுங்கப்பா" என்றாள் மகள்.

அண்ணன் முகம் ஒரு கணம் மலர்ந்து, உடனே சுருங்கியது. வெட்டப்பட்ட படங்கள் ஏற்கப்படமாட்டா. தான் வெட்டிய குழி என்பது சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்வது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார்.

வெகு நேரம் அறைக்குள் நடந்தார். பிறகு சட்ட நுணுக்கம் ஒன்று அகப்பட்டது. விதி வெட்டுவதைத்தான் தடுக்கிறது. மறைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வழக்கமாக வட்டம் போடும் பேனாவை எடுத்தார், சிவப்பைக் கறுப்பாக்கினார், வலது பாதி முழுவதும் மேலிருந்து கீழாக மூன்று முறை பூசினார். திரையைச் சாய்த்துப் பார்த்தார், தூர வைத்துப் பார்த்தார். இருட்டோ இருட்டு. முழுப் பூசணிக்காயும் சோற்றுக்குள் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேலாளர் அறையில் மேடம், இஸ்திரிக்காரர், எதிரே அண்ணன். மேலாளரின் மேசையில் அகலமான கணினித் திரை. அண்ணன் படத்தை அனுப்பினார், அது திரையில் விரிந்தது. மேலாளர் முதலில் ஓரங்களைத்தான் பார்த்தார்.

"வெட்டலையே?"

"வெட்டலை சார்."

"தேதி இருக்கு. மேடத்தோட சரியும் இருக்கு."

"என்னோட சரிதான்" என்றார் மேடம், கொஞ்சம் வெட்கத்துடன். இஸ்திரிக்காரர் கண்ணை மூடி மூச்சு விட்டார்.

"ஆமா, வலது பக்கம் என்ன கறுப்பா பூசியிருக்கு?"

"குடும்ப விஷயம் சார்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அண்ணன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் கறுப்பு. அவர் ஆறு வருடமாக வட்டம் போட்ட பேனா, புத்தகத்தில் வரிகளுக்கு நிறம் பூசுகிற வகை. அடியில் உள்ள எழுத்து தெரிவதற்கென்றே செய்யப்பட்டது. ஒளியைக் கடைசிப் புள்ளிக்கு இறக்கிய திரையில் மட்டும்தான் அது அமாவாசை. மேலாளரின் பளிச்சென்ற திரையில் சாம்பல் நிறக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதுபோல ஒவ்வொரு எழுத்தும் நின்றது.

"'இப்படிக்கு, நலம் விரும்பி'" என்று மேலாளர் நிதானமாக வாய்விட்டுப் படித்தார்.

மேடம் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

கடைசியில் இஸ்திரிக்காரர்தான் வாயைத் திறந்தார். "அண்ணே, என் வேலைக்கு உலை வெச்சதும் நீங்க, இறக்கினதும் நீங்க. நான் இப்போ நன்றி சொல்லணுமா, நாலு வார்த்தை திட்டணுமா?"

"ரெண்டும் வேண்டாம்" என்றார் அண்ணன் தரையைப் பார்த்து. "உன் சம்சாரத்துக்குக் கண்ணு எப்படி இருக்கு?"

"இதையும் பிடிச்சு வெச்சுக்கப் போறீங்களா?"

விசாரணை அத்துடன் முடிந்தது. இஸ்திரிக்காரர் வேலையில் நீடித்தார். நலம் விரும்பிகளுக்கு என்ன தண்டனை என்று மேலாளர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார், இல்லை. மேடம்தான் வழி சொன்னார். இஸ்திரி உருளையிலிருந்து வரும் பெரிய விரிப்புகளை மடிக்க ஆள் போதவில்லை. ஒரு மாதம் எண்ணிக்கையை உலர்த்திக்காரர் பார்த்துக்கொள்ளட்டும், ஆதாரம் அண்ணன் அங்கே போகட்டும்.

பெரிய விரிப்பை ஒருவர் தனியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, எதிரெதிரே நின்று, உதறி, நடந்து வந்து, முனையை முனையோடு சேர்க்க வேண்டும். சேரும்போது இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு சாண்தான் இருக்கும். நாளொன்றுக்கு இருநூறு விரிப்புகள். முதல் வாரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது வாரம் இஸ்திரிக்காரர், "இழுத்துப் பிடிங்கண்ணே, சுருங்குது" என்றார். அதை எந்தத் தொகுப்பில் சேர்ப்பது என்று அண்ணனுக்கு விளங்கவில்லை.

மாதக் கடைசியில் குரூப்பில் இஸ்திரிக்காரர் எழுதினார்: 'சம்சாரத்துக்குப் புதுக் கண்ணாடி வந்தாச்சு, கண்ணு நல்லா தெரியுது. செவ்வாய்க்கிழமை படத்துக்கு நன்றி ஆதாரம் அண்ணே.' பக்கத்தில் அதே மஞ்சள் முகம்.

அண்ணன் வீட்டில் சுவரோரம் உட்கார்ந்து அதை வெகு நேரம் பார்த்தார். இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினார். டக். இந்தத் தடவை எதையும் வெட்டவில்லை, வட்டமும் போடவில்லை. ஆறு வருடத்தில் முதன்முறையாக ஒளியை மேல் புள்ளிவரை ஏற்றினார். முன்னறை பளீரென்றது. மனைவி தையலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் டேப்லட்டை மூக்கருகே கொண்டுபோய், அந்த மஞ்சள் முகத்துக்கு அடியில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.